வெயிலும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வந்தால்: செபராங் பிறை வீட்டுத் தோட்டத்தைக் காப்பாற்றும் முறை

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் தை, மாசியில் தரை வெடித்துக் கிடக்கும்; அதே தரையில் ஐப்பசியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானுவில் மழையைக் கொட்டிவிட்டு, தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டும்போது ஈரத்தை இழந்துவிடுகிறது. அதனால் ஜனவரி, பிப்ரவரி நமக்கு வறண்ட மாதங்கள். தைப்பூசத்தன்று தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மார்ச் கடைசியிலிருந்து மாலை இடிமழை, ஜூன், ஜூலையில் கொஞ்சம் ஓய்வு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை கனமழை. 2016, 2024 போல எல் நினோ வந்தால் வறட்சி நீளும். 2017 நவம்பர் 4, 5இல் பெய்ததுபோல் ஓர் இரவு வந்தால் ஆண்டு முழுக்கச் செய்த வேலை கரைந்துவிடும். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஏப்ரலையும் நவம்பரையும் மழை உச்சமாக வைத்துக்கொண்டு, கீழே வரும் மாதங்களைத் தள்ளிக்கொள்ளலாம்.

கால் ஏக்கர் கம்பத்து (கிராமத்து) வீடானாலும் தாமான் (குடியிருப்பு) வீட்டுப் பின்கட்டானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான்: முதலில் வடிகால், பிறகு மழைநீர் பிடிக்கும் தோம்பு (பீப்பாய்). பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெயிலில் வாடிய மிளகாய்ச் செடி தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். வேர் இரண்டு நாள் நீரில் மூழ்கிக் கிடந்த செடிக்கு மருந்தே இல்லை.

மண்வெட்டி வேலை

மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் அங்கே தரைமட்டத்தில் எதையும் நடக்கூடாது. பழைய வயல்காட்டை மேடாக்கிக் கட்டிய இடங்களில் மழைக்காலத்தில் குழி கீழிருந்தே ஊறி நிறையும். நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு ஆழமாக வாய்க்கால் வெட்டினாலும் பயனில்லை, பாத்தியைத்தான் உயர்த்தவேண்டும்.

பாத்தி 1.2 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கையெட்டும் தூரம் அதுதான். உயரம் 30 செ.மீ., தாழ்வான இடமானால் 45. பாத்திகளுக்கு நடுவே 30 செ.மீ. அகல வாய்க்கால். வாய்க்கால் மண்ணை அள்ளிப் பாத்தியில் போட்டாலே பாதி உயரம் வந்துவிடும்; மீதிக்கு மக்கிய உரமும் காய்ந்த இலையும். ஓரம் சரியாமலிருக்க நீள வாட்டில் செராய் (எலுமிச்சைப்புல்) நடுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சமையலுக்கும் ஆகும். பலகை அடித்தால் பார்க்க அழகுதான், ஆனால் நம் ஊர்க் கரையானுக்கு அது விருந்து.

வாய்க்காலுக்கு 10 மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு போதும். கண்ணால் பார்த்துச் சரிவை மதிப்பிடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். கண்ணாடிபோல் தெரியும் ஒரு டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் ஒவ்வொரு குச்சியோடு கட்டிப் பிடித்தால் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைக்கு அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் முறை இதுதான்.

வாய்க்கால் முடியும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. ஊராட்சி மன்றச் சாக்கடையில் சேரும் வாயில் ஓர் அங்குலக் கண் உள்ள கம்பிவலையைச் சாய்வாக வையுங்கள். கண் சின்னதாக இருந்தால் இரண்டே மழையில் இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் தோட்டத்துக்கே திரும்பும். பக்கத்து வீட்டு நிலத்தில் தண்ணீரைத் திருப்பி விடாதீர்கள். மழை நின்ற பிறகும் அந்தச் சண்டை நிற்காது. ஆகஸ்டில் ஒருமுறை வாய்க்கால் முழுவதையும் தூர்வாரிவிட வேண்டும்.

கூரைத் தண்ணீர்

கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. இடிமழை ஒன்று 1,000 லிட்டர் தரும்; சிந்தியது போக 800 லிட்டர், அதாவது 200 லிட்டர் நீலத் தோம்பு நான்கு. ஒரே மாலையில் நான்கும் நிறைந்துவிடும்.

செலவுக் கணக்கு இதைவிட முக்கியம். வெயில் மாதத்தில் காய்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் வேண்டும். 20 சதுர மீட்டர் பாத்தி இருந்தால் அந்த நான்கு தோம்பும் 8 முதல் 10 நாளில் காலி. ஆகவே மழைநீரை வைத்து வறட்சி முழுக்கத் தோட்டத்தை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாகவிடக்கூடாத செடிகளுக்குத்தான் தோம்பு.

தோம்பை 40 செ.மீ. உயரத்தில் சிமெண்டுக் கற்களின்மேல் வையுங்கள்; குழாயின் கீழே வாளி நுழைய வேண்டும். நிறைந்தால் ஒரு தோம்பு 200 கிலோ. ஈரமண்ணில் நேராக வைத்தால் சாய்ந்துவிடும். கூரையில் விழும் முதல் அரை மில்லிமீட்டர் மழையில்தான் பறவை எச்சமும் தூசியும் வரும். 40 சதுர மீட்டருக்கு அது 20 லிட்டர். 4 அங்குல பிவிசி குழாய் மீட்டருக்கு 8 லிட்டர் பிடிக்கும் என்பதால், இறங்குகுழாயில் ஒரு ‘T’ வடிவ இணைப்பு போட்டு, தோம்புக்கு முன்னால் 2.5 மீட்டர் குழாயைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியை மூடிவிடுங்கள். அழுக்குத் தண்ணீர் அதில் நிறைந்த பிறகே நல்ல தண்ணீர் தோம்புக்குப் போகும். அடிமூடியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் மழை நின்றபின் தானாக வடிந்துவிடும். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் அடுத்த மழையின் அழுக்கு அப்படியே தோம்பில் இறங்கும், குழாயிலேயே கொசுவும் முட்டையிடும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவுங்கள்.

ஏடிஸ் கொசு முட்டை ஏழு முதல் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். மேல்வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுவது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வழியும் குழாயின் முனைக்கு வலை கட்டத்தான் மறந்துவிடுகிறார்கள். செடிக்கு மட்டும் பயன்படும் தோம்பானால் 10 லிட்டருக்கு 1 கிராம் அபேட் மணல் (கொசுப்புழுக்கொல்லி) போடலாம். சுகாதாரத் துறையினர் வந்து கொசுப்புழுவைக் கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. பழைய அஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

குழாய்த் தண்ணீரையும் முழுசாக நம்பியிருக்க முடியாது. பினாங்கின் பெரும்பகுதிக் குடிநீர் மூடா ஆற்றிலிருந்து வருகிறது, ஆறு கெடாவில் பிறக்கிறது. அங்கே மழை இல்லாவிட்டால் இங்கே அழுத்தம் குறையும். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது பல இடங்களில் தண்ணீர் நின்றது. கோழி, ஆடு வளர்ப்பவர்கள் நான்கு நாளுக்கான குடிநீரைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.

வெயில் மாதங்கள்: எதை விடுவது, எதைக் காப்பது

டிசம்பர் கடைசியிலேயே தீர்மானித்துவிடுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாற்றங்கால், விதைக்கு விட்ட பத்து மிளகாய்ச் செடி ஆகியவற்றுக்குத் தண்ணீர் உண்டு. நாளுக்கு 25 லிட்டர் என்றால் 800 லிட்டர் ஒரு மாதம் தாங்கும். வேரூன்றிய முருங்கை தண்ணீர் கேட்காது. வாழை காய்ந்தாலும் கிழங்கு பிழைத்து மழையில் மறுபடி துளிர்க்கும், அதற்கு ஊற்றி வீணாக்க வேண்டாம். கீரைப் பாத்தியை அறுத்து முடித்து, வெறும் மண் தெரியாமல் மூடிவிடுங்கள். மனசு கேட்காமல் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினால் எல்லாமே அரைகுறையாக நின்று எதுவும் காய்க்காது.

மூடாக்கு 7 செ.மீ. கனம் இருக்கட்டும்: காய்ந்த வாழையிலை, வெட்டிய புல், தேங்காய் மட்டைத் துருவல். தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடம் விடுங்கள், ஒட்டினால் அழுகும். லாலாங் புல்லை வேரோடு பிடுங்கிப் போடாதீர்கள். அந்தக் கிழங்குவேர் ஒரு விரல் நீளம் இருந்தாலும் முளைத்துவிடும். மேல்புல்லைப் பூக்கும் முன் அறுத்துப் போடலாம்.

பொங்கல் முடிந்ததும் பழைய மண்பானையைத் தூக்கிப் போடாதீர்கள். நம் வறட்சி சரியாக அப்போதுதான் தொடங்குகிறது. மெருகு பூசாத 5 லிட்டர்ப் பானையைக் கழுத்து மட்டும் மேலே தெரியும்படி பாத்தியில் புதைத்துத் தண்ணீர் நிரப்பி, தட்டால் மூடி வைத்தால் சுவர் வழியே கசிந்து சுற்றிலும் ஓர் அடி தூரம் மண்ணை ஈரமாக வைத்திருக்கும். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும், சுற்றி நான்கு மிளகாய் நடலாம். புதைக்கும் முன் சோதித்துப் பாருங்கள்: தண்ணீர் ஊற்றி வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் வெளிச்சுவர் கருத்து, தொட்டால் ஜில்லென்று ஈரம் பிடித்திருக்க வேண்டும். நெய்யும் பாலும் ஊறிய சர்க்கரைப் பொங்கல் பானை பெரும்பாலும் கசியாது. வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்தும் கசியாவிட்டால் அதில் கற்றாழை வைத்துக்கொள்ளுங்கள்.

வானிலை ஆய்வுத் துறை, மூன்று நாள் தொடர்ந்து வெப்பம் 35 முதல் 37 பாகை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை விடும். அந்த அளவு வெயிலில் மிளகாய் பூவை உதிர்க்கும், உரம் போட்டு அதைத் தடுக்க முடியாது. நாற்றுகளுக்கும் கீரைக்கும் 50 சதவீதக் கறுப்பு நிழல்வலை கட்டுங்கள். மிளகாய்க்கு 30 போதும். அதற்குமேல் கட்டினால் செடி நெட்டையாகி ஒடியும்.

வெயிலோடு பூச்சியும் வரும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு தடித்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் முதல் வைத்தியம் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது. பிறகு மாலையில் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரச் சோப்பும் கலந்து அடியுங்கள். காலையில் அடித்தால் வெயிலில் இலை கருகும்.

விதைப் பொட்டலத்தை ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரித்து விதைத்தால் ஒன்று காய்ந்தாலும் ஒன்று மூழ்கினாலும் மூன்றாவது கைகொடுக்கும்.

மழை மாதங்கள்

கனமழைக்கு முன் யூரியா போட்டால் அது நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். மாதம் ஒருமுறை செடிக்கு 30 கிராம் என்பிகே (தழை, மணி, சாம்பல் சத்து) உரம் போடுபவர்கள், மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை 10 கிராமாகப் பிரித்துப் போடுங்கள். மிளகாய்க் காயில் வட்ட வட்டமாகக் குழிந்த கறுப்பு அழுகல், மழைத்துளி தெறிப்பதால் பரவுகிறது. அதைத் தடுக்க, பாத்திமேல் அரை அங்குலக் குழாயை வளைத்து, மேலே மட்டும் பிளாஸ்டிக் விரித்து, பக்கங்களைத் திறந்து விட்டால் போதும். பக்கத்தையும் மூடினால் புழுக்கத்தில் பூஞ்சை இன்னும் அதிகமாகும்.

கத்தரி, மிளகாய், தக்காளி நன்றாக இருக்கும்போதே நடுப்பகலில் பச்சையாகத் தொங்கி, இரவில் நிமிர்ந்து, மூன்றாம் நாள் மொத்தமாகச் சாய்ந்தால் பாக்டீரியா வாடல். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அதைவிடக் கெடுதல் வேறில்லை. நோய் ஈரத்தோடு அடுத்த செடிக்கும் போகும். உறுதி செய்வது எப்படி? தரைக்கு இரண்டு விரல் மேலே தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் வைத்து, வெட்டுவாய் மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் நூல்நூலாக இறங்கினால் அதுதான். ஒன்றும் இறங்காமல், தண்டின் அடி கறுத்திருந்தால் வேரழுகல். வடிகாலைச் சரிசெய்தால் மற்றச் செடிகள் பிழைக்கும்.

வாடல் வந்த செடியை வேர்மண்ணோடு பையில் கட்டி எறியுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் குறைந்தது இரண்டு ஆண்டுக்குக் கத்தரி, மிளகாய், தக்காளிக் குடும்பமே வேண்டாம். வெண்டை, சோளம், பயற்றங்காய் போடலாம். கத்தரி கட்டாயம் வேண்டும் என்றால் சுண்டைமேல் ஒட்டுக்கட்டுங்கள், அதன் வேர் இந்த நோயையும் ஈரத்தையும் கத்தரியைவிட நன்றாகத் தாங்கும். சுண்டை மெதுவாக முளைப்பதால் கத்தரிக்கு 3 வாரமாவது முன்னால் விதைக்கவேண்டும். இரண்டின் தண்டும் 2 முதல் 3 மி.மீ. கனமானதும், சுண்டையை வெட்டி நடுவில் ஒரு செ.மீ. பிளந்து, கத்தரி நுனியை ஆப்புபோல் சீவிச் செருகி, கிளிப் போடுங்கள். ஏழு நாள் நிழலில், பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஈரம் குறையாமல். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திறந்தால்தான் பெரும்பாலும் சாகும். நடும்போது ஒட்டு மண்ணுக்குள் போகக்கூடாது. போனால் கத்தரித் தண்டிலிருந்தே வேர் முளைத்துவிடும், பட்ட பாடு வீண். கீழே சுண்டைத் துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள்.

வாழைக்கு இரண்டு மூங்கிலைக் கத்தரிபோல் கட்டி முட்டுக் கொடுங்கள். முருங்கையை ஆகஸ்டில் ஆள் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், காற்றில் முதலில் ஒடிவது அதுதான். பப்பாளியை அரை மீட்டர் மேட்டில் நடாவிட்டால் நடவே வேண்டாம். தண்ணீரில் நின்று விளைவது வேண்டும் என்றால் வள்ளைக்கீரை, சேம்பு, பொன்னாங்கண்ணி, வல்லாரை. மரவள்ளி வறட்சியைத் தாங்கும். ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டன் பாட்டிகளின் வயிற்றைக் கழுவியது அதுதான். ஆனால் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும், மேட்டில்தான் வைக்கவேண்டும்.

கோழியும் ஆடும்

முட்டைக்கோழி ஒன்று நாளுக்குக் கால் லிட்டர் குடிக்கும், கொளுத்தும் வெயிலில் அரை லிட்டர். தண்ணீர் சூடாக இருந்தால் தொடாது. நிழலில் வைத்து மதியம் மாற்றுங்கள். தீவனத்தை விடியலிலும் மாலையிலும் போடுங்கள், மதியம் தின்றால் உடல்சூடு ஏறும். மழையில் எதிரி ஈரத்தரை. மரத்தூளைக் கையில் பிடித்து அழுத்தினால் கட்டியாக நின்றால் மாற்றவேண்டும். குஞ்சு இரத்தமாகக் கழிந்தால் இரத்தக்கழிச்சல். அன்றே கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். பூஞ்சை வாடை அடிக்கும் தீவனத்தைக் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், அதிலுள்ள நச்சு வெயிலில் போகாது.

ஆட்டுக்கு ஒரு மீட்டருக்குமேல் உயர்ந்த பரண் கொட்டகை. பனியும் மழையும் ஈரமாக்கிய புல்லை அப்படியே கொடுத்தால் வயிறு உப்பும், குடற்புழுவும் ஏறும். வெயில் ஏறியபின் அறுத்து, சில மணி நேரம் வாடவிட்டுப் போடுங்கள்.

தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளத்தில் ஆற்று மட்டம் தெரியும். தொடர் மழை எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் உரமூட்டை, பூச்சிமருந்து, விதை மூன்றையும் மேலே ஏற்றுங்கள். மின்மோட்டாரின் சுவிட்சை அணைத்துக் கழற்றுங்கள்.

வடிந்ததும் அவசரப்பட்டு இறங்காதீர்கள். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சலும், மண்ணிலுள்ள கிருமியால் மெலியோய்டோசிஸும் வரும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இரண்டாவது மிக ஆபத்து. முழங்கால் பூட்ஸ், கையுறை இல்லாமல், காலில் புண்ணோடு இறங்கவே வேண்டாம். பிறகு காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். சுத்தம் செய்யுமுன் எல்லா மூலையையும் படம் எடுத்து, போலீஸ் புகார் கொடுத்து வைத்தால் உதவி கேட்கும்போது ஆதாரமாக இருக்கும்.

வெள்ளநீரில் மலக்குழி நீரும் கலந்திருக்கும். நனைந்த கீரை எல்லாம் குப்பைக்கு. நீர்மட்டத்துக்கு மேலிருந்த காயைக் கழுவிச் சமைக்கலாம். சர்க்கரைவள்ளியை உடனே தோண்டி எடுத்து எருவுக்குத் தள்ளுங்கள். பச்சையாக உண்ணும் எதையும் மூன்று மாதத்துக்கு அந்தப் பாத்தியில் போடாதீர்கள்.

கிணறு மூழ்கியிருந்தால் முதலில் இறைத்துச் சேற்றை எடுங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணற்றில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு சுமார் 785 லிட்டர் தண்ணீர். மூன்று மீட்டர் இருந்தால் 2,350. வாசனை கலக்காத 5 சதவீத குளோராக்ஸ் (குளோரின் வெளுப்பான்) 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் கணக்கில், இதற்கு 2.3 லிட்டர் ஊற்றி 24 மணி நேரம் விட்டு, வாடை போகும்வரை இறையுங்கள். அதன் பிறகும் கொதிக்கவைத்தே குடியுங்கள். அந்தக் குளோரின் நீரை மீன்குளத்திலோ பாத்தியிலோ விடாதீர்கள்.

பாத்திமேல் ஏறி நடக்காதீர்கள். ஈரமண் மிதிபட்டால் சிமெண்டாகிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டும்போது உதிர்ந்தால்தான் தோட்டத்து முள்கரண்டியால் மேல் வண்டல் ஓட்டை உடைக்கலாம். மழை மண்ணின் புளிப்பை (அமிலத்தன்மையை) ஏற்றியிருக்கும், ஆகவே சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் டோலோமைட் சுண்ணாம்பு தூவிக் கிளறுங்கள். உரம் இரண்டு வாரம் கழித்து. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியா வாடையாகப் பறந்துவிடும். அந்த இரண்டு வாரத்தில் நாற்றுத்தட்டில் வெண்டையும் பயற்றங்காயும் முளைக்கப் போட்டுவிட்டால், ஜனவரி வெயிலுக்கு முன் ஒரு காய்ப்பு எடுத்துவிடலாம்.